கேட்காத சாவு

தபால்காரர் ஷாஜியின் ஸ்கூட்டர் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்குள் திரும்பினால் எல்லா வாசலிலும் நின்று நின்றுதான் போகும். வங்கி நோட்டீஸ், இன்ஷூரன்ஸ் கவர், எங்கோ வேண்டிக்கொண்ட கோவிலின் குங்குமப் பொட்டலம் என்று ஏதாவது இருக்கும். சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போவார். குரல் கொடுப்பது ஒரே ஒரு வீட்டுக்குத்தான்.

"லலிதா மாமீ, பொன்முடிக் கத்து உண்டே!"

கத்து என்றால் கடிதம். அந்தக் குரல் லலிதாம்பாளுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே. அடுத்த வீட்டு அடுப்பு அணையும். எதிர்வீட்டு டீவி வாயை மூடும். காபி நேரத்துக்குள் நாலைந்து மாமிகள், "ஒண்ணுமில்லை, சும்மா வந்தேன்" என்று கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சும்மா வருகிறவர்கள் முறுக்குத் தட்டோடு வருவார்களா என்ன?

இந்தக் காலத்திலும் இன்லண்ட் லெட்டர் எழுதுகிற அந்தப் பிறவி, காந்திமதி. லலிதாம்பாளின் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரர் வெங்கடகிருஷ்ணனின் தம்பி மனைவி. தம்பி பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தை குட்டி இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, மலைப்பாதையின் கொண்டையூசி வளைவு ஒன்றின் ஓரத்தில், தகரக் கூரை வீட்டில் காந்திமதி தனியாகக் கிடந்தாள். அங்கே போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும். அவளுக்கோ மூட்டுவலி. ஆகவே கடிதம்.

பிரித்ததும் லலிதாம்பாள் முந்தானையைத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொள்வாள். தோளைக் குறுக்குவாள். மூக்கிலிருந்து ஒரு குரல் எடுப்பாள். வரிக்கு ஓர் இருமல்.

"அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். இங்கே பனி அதிகம். நேற்று ரசம் வைத்தேன். இன்றைக்கும் அதுவே இருக்கிறது..."

கூடம் உருளும். வீட்டில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்து, கொல்லைப் பலாமரத்தையும் விசாரித்து, கடைசியில் எப்போதும் அதே வரி வரும். 'எனக்கு ஒரு மூலை போதும் மன்னி. எப்போது வரட்டும்?' அந்த 'எப்போது வரட்டும்' என்பதை லலிதாம்பாள் இழுக்கிற இழுப்பில் முறுக்கு புரையேறிப் போனவர்கள் உண்டு. தெரு இதற்கு 'பொன்முடி ரேடியோ' என்று பேர் வைத்திருந்தது.

வெங்கடகிருஷ்ணனும் சிரிப்பார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், வரச் சொல்லேண்டி" என்பார்.

"சொல்லிண்டேதானே இருக்கேன்" என்பாள் லலிதாம்பாள். அன்று சாயங்காலமே பதில் எழுதுவாள். வெள்ளையடிக்கிறார்கள், கொஞ்சம் பொறு. கிணறு தூர் வாருகிறார்கள், கொஞ்சம் பொறு. பிரணவுக்குப் பரீட்சை, கொஞ்சம் பொறு. ஒரு தடவை காந்திமதி பொறுக்கமாட்டாமல் டிரங்குப் பெட்டியோடு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிட்டாள். லலிதாம்பாள் மகன் பிரணவிடம் ஒரு பிளாஸ்க் காபி கொடுத்து அனுப்பினாள். கூடவே திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரவும் சொன்னாள். அடுத்த கடிதத்தில் காந்திமதி காபிக்கு நன்றி எழுதியிருந்தாள். அன்றைக்குக் கூடம் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

பெண் ஸ்நேகாவின் கல்யாணம் கூடிவந்தது இப்படி இருக்கும்போதுதான். ஸ்நேகாவுக்கு முப்பது தாண்டியாகிவிட்டது. இரண்டு வரன்கள் தாம்பூலம் மாற்றுகிற வரை வந்து கலைந்து போனவை. மூன்றாவது கலைந்தால் தெரு என்ன சொல்லும் என்று லலிதாம்பாளுக்கு நன்றாகவே தெரியும். இன்னொருத்தர் பெண் விஷயத்தில் அவளே சொல்லியிருக்கிறாள். பெங்களூர் மாப்பிள்ளை. ஆனியில் முகூர்த்தம். தப்பினால் ஆடி. ஆடி போனால் சம்பந்திகளின் மனசும் போய்விடும்.

பத்திரிகை கொடுத்து முடித்த மறுநாள் காலையில் போன் அடித்தது. தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் குடியிருப்பில், இருக்கும் மாடம்மாள். காந்திமதிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவள். பாறைமேல் ஏறி நின்றிருக்க வேண்டும், காற்று இரைந்தது.

"யம்மா... நம்ம டீச்சரம்மா..."

அதற்குமேல் அழுகை.

லலிதாம்பாள் போனை வைத்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பங்காளி வீட்டுச் சாவு என்றால் பத்து நாள் தீட்டு. கல்யாணம் காட்சி கிடையாது. ஆனால் சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாத வரைக்கும் இல்லை. தாமதமாக விழுந்தால் நாளாக ஆகத் தேய்ந்தும் போகும். சேதி வந்து சேர மாசக்கணக்காகும் காலத்தில், தூரதேசத்தில் இருப்பவர்களை நினைத்து யாரோ இரக்கப்பட்டு வைத்த சலுகை அது. லலிதாம்பாள் அதை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாள். 'செத்துப்போச்சு' என்று மாடம்மாள் சொன்னாளா? இல்லையே. அழுதாள். அழுகைக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. வாட்ஸப்பில் ஒரு குரல்செய்தி வந்து உட்கார்ந்தது. அதை லலிதாம்பாள் தொடவில்லை. அந்த எண்ணைத் தடுத்துவைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பால் பாயசத்துக்கு அரிசி களைந்தாள்.

தலைக்குக் குளிக்கவில்லை.

மேலே, மலையில், ஒருத்தி காத்துக் கிடந்தாள்.

அந்த வாரமே கடிதம் வந்தது. லலிதாம்பாள் முதலில் தபால் முத்திரையைத் தேடினாள். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முன்னாலேயே எழுதித் தபாலில் போட்டிருப்பாள், அவ்வளவுதானே? வழக்கம்போல முந்தானையைப் போர்த்திப் படித்தாள். வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது குரல். மாமிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். செத்துப்போனவளைக் கேலிசெய்து சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், வாசலில் மறுபடி குரல்.

"லலிதா மாமீ, பொன்முடிக் கத்து உண்டே!"

நிலைப்படியில் நீல நிற இன்லண்ட் கிடந்தது. எடுத்தால் ஈரம். மழை இன்னும் விழவில்லை. குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்த வெற்றிலை மாதிரி கையில் ஒட்டியது. பச்சைத் தேயிலையைப் பறித்துக் குவித்து வாட விட்டால் எழும் ஒரு வாடை கூடம் முழுக்கப் பரவியது.

"படியேன், என்ன பாத்துண்டு நிக்கறே?" என்றார் வெங்கடகிருஷ்ணன். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி தொங்கியது. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. படிக்க முடிந்தவள் அந்த வீட்டில் லலிதாம்பாள் மட்டுமே.

பிரித்தாள்.

'அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். கல்யாண வேலையில் உங்களுக்குக் கை ஒழிந்திருக்காது. இங்கே என்னை வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். ஊரிலிருந்து யாராவது வருவார்கள் என்று மாடம்மாள் வளைவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வந்து போய்விட்டது. எறும்பு வர ஆரம்பித்துவிட்டது மன்னி.'

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றாள் ஸ்நேகா.

லலிதாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். பழகின மூக்குக் குரல் தானாக எழும்பியது. "இங்கே... இங்கே நல்ல மழை. ரசம் வைத்தேன்."

"சித்திக்கு வேற ஒண்ணும் வைக்கவே தெரியாதா?" என்றான் பிரணவ். எல்லோரும் சிரித்தார்கள்.

"பலாமரம் காய்த்ததா என்று..." வாய் எதையோ சொல்லிக்கொண்டே போனது. கண் காகிதத்தில் அடுத்த வரிக்கு இறங்கியது.

'ஏன் மாற்றிப் படிக்கிறீர்கள் மன்னி?'

லலிதாம்பாள் இருமினாள். அது நடிப்பில்லை.

கடிதத்தைக் கேஸ் அடுப்பில் காட்டினாள். பற்றவில்லை. ஈர விறகு மாதிரி சீறி, புகைந்து, விளிம்பு மட்டும் கருகியது. கருகின விளிம்போடு அதைச் சுருட்டிச் சாக்கடையில் தள்ளினாள். அப்புறம் நாலு நாள் கழித்து ஷாஜியைத் தெருவில் பிடித்தாள்.

"இந்தா ஷாஜி, இனிமே பொன்முடிக் கத்து கொண்டு வராதே. திருப்பி அனுப்பிடு. கேட்டியா?"

ஷாஜி ஸ்கூட்டரை நிறுத்தி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்து கத்து மாமி? போன வாரம் முழுக்க நான் லீவல்லே? காய்ச்சலாயிருந்நு. எனக்குப் பதில் ஆரும் வந்நதுமில்லா."

"பின்னே வாசல்ல கூப்பிட்டது?"

"நானில்லை மாமி."

தெரு முழுக்கக் கேட்ட குரல் அது. எதிர்வீட்டு மாமி முறுக்கே கொண்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சம்பந்திகள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார்கள். பத்மநாபசுவாமியைத் தரிசித்துவிட்டு, நனைந்த வேஷ்டியும் சந்தனமுமாக, மத்தியான டிபனுக்கு வீட்டுக்கு வந்தார்கள். பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் கட்டியாயிற்று. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். கேசரி நன்றாக இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில் லலிதாம்பாளுக்கு அரை உயிர் திரும்பியிருந்தது.

அப்போது வாசலில் குரல் கேட்டது.

"லலிதா மாமீ, பொன்முடிக் கத்து உண்டே!"

ஸ்கூட்டர் சத்தம் இல்லை.

பிரணவ் ஓடிப்போய் எடுத்து வந்தான். "மாமி, நீங்க இதைக் கேட்டே ஆகணும். அம்மா சித்தி மாதிரியே வாசிப்பா. இந்தத் தெருவுல இது பயங்கர பிரசித்தம்."

"ஆஹா, படிங்கோ படிங்கோ" என்றாள் சம்பந்தி மாமி. "லெட்டரை உரக்கப் படிச்சுக் கேட்டு எத்தனை காலமாச்சு!"

"கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியலையே" என்றாள் லலிதாம்பாள்.

ஸ்நேகா கண்ணாடியைக் கொண்டு வந்து அவளே அம்மாவுக்கு மாட்டிவிட்டாள்.

காகிதம் விரிந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது; கூடத்தில் அத்தனை பேரின் வியர்வை. லலிதாம்பாள் நின்ற இடத்தில் மட்டும் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. முந்தானையை அவள் போர்த்திக்கொள்ளவில்லை. அது தானே ஏறித் தலையைச் சுற்றியது.

குரல் வந்தது. அவள் எடுக்கவில்லை.

"அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம்."

கூடம் கைதட்டியது.

"மலை இறங்கிவிட்டேன். வளைவுகளில் பழையபடி தலை சுற்றியது. கிழக்கேகோட்டையில் இந்தத் தடவை யாரும் காபியோடு வந்து நிற்கவில்லை. நிலைப்படியில் தடுப்பார் இல்லை. மன்னிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்."

"அசலா இருக்கே!" என்று யாரோ சொன்னார்கள்.

லலிதாம்பாள் உதட்டை மூடப் பார்த்தாள். முடியவில்லை. நாக்கு இன்னொருத்தியுடையது போல வாய்க்குள் புரண்டது. காகிதத்தின் அடுத்த வரி இப்போதுதான் ஊறி எழும்பிக்கொண்டிருந்தது, ஈரச் சுவரில் கறை பரவுவது போல. அது என்ன வரி என்று அவள் பார்த்துவிட்டாள். அதை வாய் சொன்னால் போதும். கூடத்தில் அத்தனை பேர் காதிலும் விழும். சேதி வந்தாயிற்று, தீட்டு வந்தாயிற்று, பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான். ஸ்நேகாவுக்கு மூன்றாவதும் போயிற்று.

"நான் செ..."

பல்லால் நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கி, அதற்குள் மூச்சாகப் பேசினாள்.

"என்ன வேணும் உனக்கு?"

'ஒரு மூலை.'

"இந்தாத்துல வேண்டாம். என் கண்ணுல படாம எங்க வேணும்னாலும் போய் இரு. யாரோட வேணும்னாலும் போ. கல்யாணத்தை மட்டும் நடத்த விடு."

காகிதம் அசைந்தது. மின்விசிறிக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக.

"சித்தி என்ன ரகசியம் எழுதியிருக்கா?" என்று பிரணவ் சிரித்தான்.

'யாரோடு வேண்டுமானாலுமா?'

"ஆமாம். போ."

'சரி மன்னி.'

அந்த நொடியே குளிர் விலகியது. குரல் மட்டும் பாக்கியை முடித்தது. ரொம்ப இனிமையாக, ஒரு இருமல்கூட இல்லாமல். "குழந்தைக்கு என் ஆசீர்வாதம். நான் கூடவே இருப்பேன்."

சம்பந்தி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன பாசம் பாருங்கோ! இப்படி ஒருத்தர் குடும்பத்துல இருக்கறதே பாக்கியம்."

கல்யாணம் பிரமாதமாக நடந்தது. அதில் குறை சொல்லத் தெருவே முயன்று தோற்றது. நாதஸ்வரம் சரி, சாம்பார் சரி, சம்பந்தி சண்டைகூடக் கிடையாது. கூறைப்புடவையில் ஸ்நேகா மணையில் உட்கார்ந்திருந்தாள். ஹோமப்புகையில் சாஸ்திரிகளே வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். திருமாங்கல்யம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்நேகா அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, குளிர்றதும்மா."

லலிதாம்பாள் அவள் கையைத் தொட்டாள். மலையில் பனி இறங்கின இரும்புக் கம்பியைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"யாரோ என்மேல சாஞ்சுண்டு இருக்கற மாதிரி இருக்கு. அம்மா, கேக்கறதா?"

கெட்டிமேளம் முழங்கியது. லலிதாம்பாள் தலையைத் திருப்பி அட்சதைத் தட்டை எடுத்தாள். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு இப்போது கைவந்த வேலை.

காரில் ஏறும்போது ஸ்நேகா கதவோரமாக ஒண்டி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எதிர்ப்பக்கக் கதவோரம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. புதுசுகளுக்கு வெட்கம் என்று மாமிகள் கிண்டல் செய்தார்கள்.

அப்புறம் வீட்டில் அப்படி ஒரு அமைதி. வாசலில் குரல் இல்லை, வாடை இல்லை. மறுவீடு முடியட்டும், அப்புறம் சேதி கேட்டதாகச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று லலிதாம்பாள் நினைத்தாள். மறுவீடு முடிந்ததும், விருந்தாளிகள் போகட்டும் என்று நினைத்தாள். விருந்தாளிகள் போனதும், இன்னும் நாள் ஆனால் தீட்டு இன்னும் தேயுமே என்று நினைத்தாள். மலையில் காந்திமதியை யார் தூக்கினார்கள், யார் கொள்ளி வைத்தார்கள் என்று இந்தத் தெருவில் இன்று வரை யாருக்கும் தெரியாது. பொன்முடி ரேடியோ நின்றுபோனதில்தான் தெருவுக்கு வருத்தம்.

ஆனி முடிகிற சமயம். ஷாஜியின் ஸ்கூட்டர், சாட்சாத் ஷாஜியே ஓட்டி வந்த ஸ்கூட்டர், வாசலில் நின்றது.

"மாமீ, பெங்களூரு கத்து! மோளுடெ!"

பெண்ணின் கடிதம் என்றதும் தெரு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. வெங்கடகிருஷ்ணனுக்கு வாயெல்லாம் பல். "போன்ல கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறாளேன்னு பாத்தேன். லெட்டர் போட்டிருக்கா பாரேன்! நம்மாத்துப் பழக்கம் விட்டுப்போகலை. படி, படி."

லலிதாம்பாள் பிரித்தாள். நீல இன்லண்ட். மளிகைச் சாமான் பட்டியலைக்கூட மலையாளத்தில் எழுதுகிற ஸ்நேகா. காகிதம் நிறைய, சாய்ந்த, நிதானமான, வாத்தியார் கைத் தமிழ்.

"அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம்."

பிரணவ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அக்கா சித்தியை மிமிக்ரி பண்றா!"

"தமிழ் எழுதக் கத்துண்டுட்டாளே!" என்றார் வெங்கடகிருஷ்ணன். "ராகத்தோட படிடீ. நன்னா இழுத்துப் படி."

குரல் எடுக்க லலிதாம்பாளுக்கு வேலையே இருக்கவில்லை.

"சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். இந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்கிறது. மாப்பிள்ளை நல்லவர், நான் வைக்கிற ரசத்தைக் குறை சொல்வதில்லை."

ரசம் என்றதும் மாமிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"ஒரே ஒரு சங்கடம்தான். இருவருக்கு இந்த இடம் போதவில்லை. குழந்தை முதலில் ரொம்ப முரண்டினாள். இப்போது ஓரமாகத்தான் இருக்கிறாள். சாயங்காலங்களில் மட்டும் உங்களைக் கூப்பிட்டு அழுகிறாள். அம்மாவுக்குக் கேட்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள். அப்புறம் அழ மாட்டாள்."

கூடம் சிரித்தது. நடுவில் யாரோ, "போதும்டி, வயிறு வலிக்கறது" என்றார்கள். லலிதாம்பாளுக்கு நிறுத்தத்தான் ஆசை. வாய் நிற்கவில்லை.

"ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைக்காத வீடு உண்டா மன்னி? எப்போது வரட்டும்?"

வெங்கடகிருஷ்ணன் சிரிப்பில் கலங்கின கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதென்ன கேள்வி? பின்னே, பெத்த பொண்ணை அழைக்காம இருப்பாளா! இன்னிக்கே பதில் போட்டுடு லலிதா. வந்து வேணுங்கற மட்டும் இருன்னு எழுது."

பிரணவ் பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தான்.